சிவப்பு விழக் கூடாது

பிப்ரவரி 3, திங்கள்

மாவட்ட மருந்துக் கிடங்கு வண்டியில் குளுக்கோஸ் பாட்டில்களோடு தொடுதிரை டேப் ஒன்றும் வந்து இறங்கியது. இனி மருந்து இருப்பை நோட்டில் எழுத வேண்டாம், இதில் ஏற்றினால் போதும். மருந்து வந்தால் ஒரு பொத்தான், கொடுத்தால் ஒரு பொத்தான். ஒவ்வொரு மருந்தின் பக்கத்திலும் ஒரு வட்டம். இருந்தால் பச்சை, தீர்ந்தால் சிவப்பு. நான் இங்கே அழுத்துவது மாவட்டத்தில் அந்த நொடியே தெரியுமாம். கூட வந்த கம்பெனிக்காரர் இன்னும் சிலதைச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே கூட்டம் நின்றதால் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றேன்.

இந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருந்தாளுநராக வந்து மூன்று வருஷமாகிறது. சுற்றிலும் சீமைக்கருவேலங்காடு, அந்தக் கட்டைகளை எரித்துக் கரியாக்கும் கரிமூட்டப் புகை. மனைவி ரெஜினாவும் மகள் பிளெஸ்ஸியும் தேவகோட்டையில் இருக்கிறார்கள். சாயங்காலம் ஆஸ்பத்திரியைப் பூட்டினால் பேச ஆள் கிடையாது. அதனால்தான் இந்த நாட்குறிப்பு.

பிப்ரவரி 7, வெள்ளி

குறை சொல்லக் கூடாது. முன்பெல்லாம் காய்ச்சல் மாத்திரை கேட்டு எழுதினால், வருவதற்குள் காய்ச்சல் சீசனே முடிந்துவிடும். செவ்வாய்க்கிழமை டேப்பில் கேட்டேன், இன்று பெட்டி வந்துவிட்டது. டாக்டர் நிலோஃபர், "பரவாயில்லையே அருளானந்து சார், இது வேலை செய்யுதே" என்றார். சின்ன வயது டாக்டர். இது அவருக்கு முதல் போஸ்டிங். எதைப் பார்த்தாலும் நல்லது நடக்கும் என்று நம்புகிறவர்.

பிப்ரவரி 14, வெள்ளி

நாகஜோதி வந்தாள். மாதாமாதம் வலிப்பு மாத்திரைக்கு வருபவள். கரிமூட்டம் போடும் இருளாயியின் ஒரே மகள். தகப்பன் இல்லை. வயது இருபது இருக்கும். முன்பு வாரத்துக்கு ஒரு தடவையாவது விழுந்துகொண்டிருந்தாள், நெற்றியில் தழும்பு இருக்கிறது. இங்கே மாத்திரை எடுக்க ஆரம்பித்து ஒன்றரை வருஷம், வலிப்பு ஒரு தடவைகூட வரவில்லை.

டேப்பை எட்டிப் பார்த்து, "சார், இதுல ரீல்ஸ் பாக்கலாமா?" என்றாள்.

"உன் பேரை ஏத்தத்தான் குடுத்திருக்காங்க. ரீல்ஸுக்கு இல்ல."

"எம் பேரு எங்க இருக்கு, காட்டுங்க."

காட்டினேன். தன் பெயர் திரையில் இருப்பதை வாய்விட்டு வாசித்துச் சிரித்தாள். பரமக்குடியில் ஒரு தையல் கம்பெனியில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாளாம். "அம்மாதான் பஸ்ஸுல தனியா விடமாட்டேங்குது. ஒன்றரை வருஷமா ஒண்ணும் வரலல்ல, நீங்க சொன்னா கேக்கும் சார், நீங்களே சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

மாவட்டத்தில் ஆய்வுக் கூட்டம். சுவரளவு திரையில் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களின் பெயரும், பக்கத்தில் வட்டங்களும். எந்தப் பெயரில் சிவப்பு இருந்ததோ அந்த மருந்தாளுநரை எழுந்து நிற்கச் சொன்னார்கள். ஒரு அம்மாள் பெயரில் மூன்று சிவப்பு.

"இல்லாததை இல்லைன்னுதான் சார் போட்டேன்."

"இல்லாம ஆகுற வரைக்கும் என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

கூட்டத்தில் சிரித்தார்கள். அந்த அம்மாள் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

வெளியே டீக்கடையில் மாணிக்கவேல் அண்ணன் என் தோளில் கை போட்டார். மாவட்டக் கிடங்கின் பொறுப்பாளர், எனக்கு ரொம்ப சீனியர். "அருளு, மே மாசம் டிரான்ஸ்பர் கவுன்சிலிங். தேவகோட்டைப் பக்கம் ஒரு இடம் காலியாகுது. உன் பேரு சுத்தமா இருந்தா நான் பேசுவேன். என்ன செய்வியோ தெரியாது, சிவப்பு விழக் கூடாது."

"சரக்கு நீங்க அனுப்பணும்ல அண்ணே."

"சரக்கு வரும்போது வரும். எதையும் அடிமட்டம் வரைக்கும் குடுத்துராத. ரெண்டு அட்டைய ஒதுக்கி வையி. வட்டம் பச்சையாவே நிக்கும். எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாய்ங்க."

பிப்ரவரி 26, புதன்

கீழ் டிராயரைச் சுத்தம் செய்தேன். குறைவாக இருக்கும் மருந்துகளில் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு அட்டை எடுத்து அதில் வைத்தேன். அவசரத்துக்கு ஒரு கையிருப்பு என்பது நல்ல வழக்கம்தான். வீடுகளில்கூட அரிசியை அடிவரை வழித்துப் போடுவதில்லை.

மார்ச் 6, வியாழன்

வலிப்பு மாத்திரை கேட்டு டேப்பில் இரண்டாம் முறையாக அனுப்பினேன். 'பரிசீலனையில்' என்று காட்டுகிறது. கழிப்பறைக் குழாய் உடைந்து தண்ணீர் வராந்தா வரை வந்துவிட்டது. பிளம்பர் சாயல்குடியிலிருந்து வர வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

மாதாந்திரப் பட்டியல் வந்தது. முழுப் பச்சையில் இருக்கும் நிலையங்கள் என்று சில பெயர்கள். அதில் நம்முடையதும் ஒன்று. டாக்டர் அதைப் பிரின்ட் எடுத்து நோட்டீஸ் பலகையில் ஒட்டினார். ரெஜினாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "அப்ப மே மாசம் நிச்சயமா?" என்று கேட்டாள். பிளெஸ்ஸி அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு.

மார்ச் 14, வெள்ளி

நாய்க்கடி மூன்று பேர். தடுப்பூசி போதுமான அளவு இருக்கிறது. ஃபிரிட்ஜ் வெப்பமானி சரியாகக் காட்டுவதில்லை, மாற்ற வேண்டும். நாகஜோதி வந்தாள். மாத்திரை வரவில்லை, அடுத்த வாரம் வா என்று சொல்லி அனுப்பினேன். பிளம்பர் இன்றும் வரவில்லை. மத்தியானம் சாம்பார் புளித்துவிட்டதால் மோரை ஊற்றிச் சாப்பிட்டேன்.

எல்லாம் பச்சை.

மார்ச் 17, திங்கள்

டாக்டர் கேட்டார்: "சார், ஃபிட்ஸ் மாத்திரை ஸ்டாக் இருக்கில்ல? ஒரு புது பேஷன்ட்டுக்கு எழுதப் போறேன்."

"கொஞ்சம்தான் மேடம் இருக்கு. புது சரக்கு வந்ததும் அவருக்கு ஆரம்பிக்கலாமே."

"டேப்ல பச்சைன்னு காட்டுதேன்னு கேட்டேன்" என்றார். புது நோயாளியைப் பரமக்குடி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பினார்.

மார்ச் 19, புதன்

வண்டி வந்தது. வலிப்பு மாத்திரை இல்லை.

மார்ச் 21, வெள்ளி

காலையில் ஜன்னலைத் திறக்கும்போது ஒரு சரக்கு ஆட்டோ நேராகப் படிவரை வந்து நின்றது. பின்னால் ஈரச்சேலையோடு இரண்டு பெண்கள். அவர்கள் மடியில் நாகஜோதி.

ஊருணிக்குத் தண்ணீருக்குப் போனவள். குடத்தை முக்கக் குனிந்தபோது வலிப்பு வந்திருக்கிறது. முகம் குப்புற விழுந்திருக்கிறாள். கோடை தொடங்கிவிட்டதால் முழங்காலளவுத் தண்ணீர்தான். படித்துறையில் துணி துவைத்தவர்கள், குடம் மட்டும் தனியாக மிதந்து நடுவுக்குப் போவதைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கிறார்கள்.

டாக்டர் ரொம்ப நேரம் நெஞ்சை அமுக்கிப் பார்த்தார். வியர்த்து, முடி கலைந்து, நிறுத்த மனமில்லாமல் அமுக்கிக்கொண்டே இருந்தார். நான்தான் "மேடம், போதும்" என்றேன்.

இருளாயி கரிமூட்டத்திலிருந்து ஓடி வந்தார். கை, முகமெல்லாம் கரி. மகளை மூடியிருந்த வெள்ளைத் துணியில் கரி படிந்துவிடுமே என்று நினைத்தாரோ என்னவோ, அவளைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் அகல விரித்து வைத்துக்கொண்டு, எதிலும் படாமல் நின்றபடி கத்தினார்.

போலீஸ்காரர் கால் தவறி விழுந்ததாக எழுதிக்கொண்டு போனார்.

மார்ச் 22, சனி

இருப்புப் பதிவு செய்தேன்.

மார்ச் 24, திங்கள்

கரிமூட்டத்தில் வேலை செய்யும் சேதுபாண்டி என்ற பெரியவர் வந்தார். அவருக்கும் வலிப்பு உண்டு. ஜன்னலில் நின்று, "இருக்கா அய்யா, இல்ல அந்தப் புள்ளைக்குச் சொன்னாப்புல அடுத்த வாரமா?" என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

கீழ் டிராயரைத் திறந்தேன். இரண்டு அட்டைகளையும் அவரிடம் கொடுத்துவிட்டு டேப்பில் பொத்தானை அழுத்தினேன். வட்டம் சிவப்பானது. இதுவரை ஒரு முறைகூட அது சிவப்பாகி நான் பார்த்ததில்லை.

உடனே திரையின் கீழே ஒரு பெட்டி திறந்தது. இந்த மருந்து அருகிலுள்ள எந்த நிலையத்தில் கூடுதலாக இருக்கிறது என்று அதில் வந்தது. முதல் பெயர் தாழைமங்கலம். இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. 'கடனாகக் கேட்கவா?' என்று ஒரு பொத்தான். அழுத்தினேன். பத்து நிமிஷத்தில் தாழைமங்கலம் மருந்தாளுநர் போனில் வந்தார்.

மோட்டார் சைக்கிளில் போய் வாங்கி வந்தேன். ஒரு பெட்டி நிறையக் கொடுத்தார். "ஆறு மாசத்துல காலாவதி ஆகுற சரக்கு சார். யாருக்குக் குடுக்குறதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன். ஜனவரியிலருந்து கெடக்கு. உங்க பக்கம் எப்பவும் பச்சையா இருந்ததால கேக்கவே தோணலை."

டேப் வந்த அன்று கம்பெனிக்காரர் இதையும் சொல்லியிருப்பார்.

திரும்பும்போது ஊருணி வழியாகத்தான் பாதை. சுற்றிக்கொண்டு வேறு வழியில் வந்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

மாணிக்கவேல் அண்ணன் போனில் கத்தினார். "மார்ச் மாசக் கடைசில கொண்டுவந்து சிவப்ப விடுறியே, புத்தி இருக்கா?" மருந்து வந்துவிட்டது, இப்போது பச்சைதான் என்றேன். "இடையில விழுந்தது நிக்கும்ல" என்றார்.

டாக்டர் மத்தியானம் சாப்பிடாமல் டேப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சார், பிப்ரவரி பதினாலுல ஜோதி பேர் இருக்கு. மார்ச்சுல இல்ல. மாத்திரை வாங்க அவ வரவே இல்லையா? ஒழுங்கா வர்ற பொண்ணாச்சே."

நான் ஃபிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு பிரசவ கேஸ் வந்துவிட்டது. அவர் எழுந்து போனார்.

மார்ச் 28, வெள்ளி

இருளாயியின் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் தெரியாது. காலையில் சட்டை போடும்போதே போகப் போகிறேன் என்று தெரிந்தது.

ஊர்க் கடைசியில் ஓட்டுவீடு. வாசலில் விறகுக் கட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் தட்டிப் போட்டார்.

"உக்காருங்க சார். சாப்பிட்டீகளா?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவரே பேசினார்.

"மாத்திர போட ஆரம்பிச்ச பொறகுதான் சார் அவளத் தண்ணிக்குத் தனியா விட்டேன். அதுக்கு முந்தி நானும் கூடவே போவேன். அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து, மாத்திர இல்லையாம், அம்மான்னு சொன்னா. அப்பன்னா தண்ணிக்கு நானும் கூட வாரேன்டின்னேன். இல்லம்மா, நான் சார்கிட்டக் கேட்டேன், நாலு நாளு போடலைன்னா ஒண்ணும் ஆயிராதுன்னு சொன்னாருன்னா. நீங்க சொன்னீகன்னுதான் நான் மூட்டத்துக்குப் போயிட்டேன்."

அவள் அப்படிக் கேட்டாள். நான் அப்படித்தான் சொன்னேன். திடீரென்று நிறுத்தக் கூடாத மாத்திரை அது. டிப்ளமோ முதல் வருஷத்திலேயே படித்தது. வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவள் போக வேண்டும் என்று இருந்தது எனக்கு. சொன்னேன்.

"இருளாயி அம்மா," என்றேன். "அன்னைக்கு மாத்திரை இருந்துச்சு."

அவருக்குப் புரியவில்லை.

"ரெண்டு அட்டை உள்ள வச்சிருந்தேன். குடுக்கலை."

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"யாருக்கு வச்சிருந்தீக?" என்று கேட்டார்.

உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். தன் மகளைவிட உடம்பு முடியாத யாரோ ஒருவருக்கு வைத்திருந்தேன் போலிருக்கிறது என்று நினைத்துத்தான் கேட்டார். யாருக்கும் இல்லை என்று சொன்னேன். அதை இரண்டாம் தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. பச்சை, சிவப்பு என்றெல்லாம் விளக்க ஆரம்பித்து, நடுவிலேயே நிறுத்திவிட்டேன்.

கடைசியில், "இத நான் யார்கிட்டச் சொல்லணும்?" என்றார்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்கள் என்றேன்.

"நீங்க அங்க வந்து, இப்பச் சொன்னதச் சொல்வீகளா?"

சொல்வேன் என்றேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, இப்போது நினைவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

இருளாயி நேற்று மனுக் கொடுத்துவிட்டார். விசாரணை வருகிறது.

ஏப்ரல் 3, வியாழன்

மாணிக்கவேல் அண்ணன் காரை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்தார். ஆஸ்பத்திரிக்குள் வராமல் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். இந்த முறை கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அந்தப் பொண்ணு தனியாத்தான வந்துச்சு?"

"ஆமாண்ணே."

"ஓபி சீட்டு போட்டுச்சா?"

"மாசாமாசம் வர்றவங்க நேரா ஜன்னலுக்கு வந்துருவாங்க. சீட்டு இல்ல."

"டேப்ல பேரு ஏறல. அப்ப அவ வரவே இல்ல. அம்புட்டுத்தான். ஆத்தாக்காரி துக்கத்துல என்னமோ சொல்லுது, நீ என்ன செய்வ? வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லு, முடிஞ்சுபோகும். நீ வாயத் தொறந்தா உன்னோட நிக்காது அருளு. டிராயருல ஒதுக்கி வைக்கச் சொன்னது யாருன்னு கேப்பாய்ங்க. எனக்கு ரிடையர்மென்ட்டுக்கு ஒரு வருஷம்தான் இருக்கு. மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகலை."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. என் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தி பரிமாறியவர்.

ஏப்ரல் 5, சனி

ரெஜினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தப் புள்ளைக்கு என்ன வயசு?"

"இருபது இருக்கும்."

"நம்ம பிளெஸ்ஸிய விட ஆறு வயசு மூத்தவ" என்றாள். அடுத்து, "வேலை போயிருமா?" என்றாள்.

"போகலாம்."

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். சொல்லுங்கன்னும் சொல்லமாட்டேன், சொல்லாதீங்கன்னும் சொல்லமாட்டேன். அத எந்தலையில வைக்காதீங்க" என்று போனை வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் திருப்பலிக்குப் போங்க என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்வாள். இன்று சொல்லவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. துணி துவைத்தேன். விசாரணைக்குப் போட வெள்ளைச் சட்டையைத் தேய்த்தேன். என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஏப்ரல் 9, புதன்

விசாரணை டாக்டர் அறையிலேயே நடந்தது. மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி, தட்டச்சு இயந்திரத்தோடு ஒரு எழுத்தர். மாணிக்கவேல் அண்ணன் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இருளாயி கதவருகே நின்றார். டாக்டர் அவருக்கு நாற்காலி போட்டார், உட்காரவில்லை. கரி போகாத விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தார்.

அதிகாரி நல்ல மாதிரி. குரலை உயர்த்தவில்லை. திரையில் மார்ச் மாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருளாயியிடம் கேட்டார்.

"உங்க மக பதினாலாம் தேதி வந்துச்சுன்னு சொல்றீங்க. நீங்க கூட வந்தீங்களாம்மா?"

"இல்லங்கய்யா. அவ வந்து சொன்னா."

"யாராவது பாத்தாங்களா?"

"அவ பொய் சொல்லமாட்டாய்யா."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "சிஸ்டத்துல அன்னைக்கு அந்தப் பேர்ல பதிவே இல்ல. மருந்தும் இருப்புல இருந்திருக்கு. வந்திருந்தா குடுத்திருப்பீங்க, ஏறியிருக்கும். அப்ப வரலைன்னு எடுத்துக்கலாமா?"

அவரே கதவைத் திறந்து வைத்துவிட்டார். ஆமாம் என்றால் போதும். அதைக்கூடச் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். மாணிக்கவேல் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்தாள்" என்றேன்.

"என்ன?"

"அன்னைக்கு வந்தாள் சார். காலையில பத்து, பத்தரை மணி இருக்கும். மாத்திரை கேட்டாள்."

"அப்ப சிஸ்டத்துல ஏன் இல்ல?"

"குடுத்தாத்தான் பேரு ஏறும் சார். வெறுங்கையோட போறவங்களை எழுத அதுல எடமில்ல."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். டிராயர், இரண்டு அட்டை, ஒன்றும் ஆகாது என்று நான் சொன்ன வார்த்தை, தாழைமங்கலத்தில் கிடந்த பெட்டி. சைபர் என்று அன்றே போட்டிருந்தால் மத்தியானத்துக்குள் மருந்து வந்திருக்கும் என்பது வரை. ஒதுக்கி வைக்கச் சொன்னது யார் என்று கேட்டார். மாணிக்கவேல் அண்ணனின் பெயரைச் சொன்னேன். அவர் பக்கம் திரும்பவில்லை. டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "சஸ்பென்ஷன் உறுதி. அதுக்கு மேலயும் வரலாம். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும் சார்."

எழுத்தர் தட்டி முடித்து, கையெழுத்துக்கு முன் சத்தமாக வாசித்தார். இன்னாரின் மகள் நாகஜோதி, வயது இருபது, மேற்படி தேதியில் மேற்படி நிலையத்துக்கு நேரில் வந்து மருந்து கேட்டார். மருந்து இருந்தது. கொடுக்கப்படவில்லை. தவறான ஆலோசனை சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டார். அரசாங்கத் தமிழில், ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

இருளாயி கதவை விட்டு மேஜைக்கு அருகில் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த தாளைப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

"இன்னொருக்க வாசிங்கய்யா" என்றார்.

எழுத்தர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையசைத்தார். எழுத்தர் தாளைக் கையில் எடுத்து, முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசித்தார்.